கையெழுத்து விழாத பதினோரு வரிகள்

பிரசெல்ஸில் பிப்ரவரி மழை மேலிருந்து விழாது. நாலு பக்கமும் பாய்ந்து வந்து ஆளைக் கவ்வும். அன்று அது அன்னெலோரின் குடையைப் பிடுங்கி, உருளைக்கிழங்கு வறுவல் வண்டியருகே நின்றவன் முகத்தில் கொண்டுபோய் அறைந்தது.

அரை ஐரோப்பாவே அந்த மென்பொருள் மாநாட்டில் திரண்டிருந்தது. அந்தக் கூட்டத்தில் ஒருவனைத் தேடி அலைந்த அவளுக்கோ ஓரிடத்தில் கால் தரிக்கவில்லை...

குடையைத் திருப்பித் தந்தவனின் கண்கள்... மழை ஓய்ந்த கால்வாயின் சாம்பல் பச்சை. யாரைத் தேடுகிறீர்கள் என்று கேட்டான். கொட்டித் தீர்த்தாள்.

பக்கத்து கென்ட் நகரில் அவளும் அண்ணனும் நடத்தும் சின்னக் கம்பெனி. அவள் எழுதிய நிரலுக்கு இரண்டு உரிமங்கள். அதைச் சேர்த்துச் செய்த மென்பொருளை ஊரே பார்க்கத் திறந்து வைத்தால் இலவசம்; பூட்டி விற்றால் காசு. காசு உரிமம் கொடுக்க, அதில் ஒரு வரி எழுதியவர்கூடச் சம்மதக் கையெழுத்துப் போட வேண்டும். முகமறியாத ஒருவன் அனுப்பிய பதினோரு வரிகளை, அவற்றின் அழகில் மயங்கி, கையெழுத்து வாங்காமலே சேர்த்துவிட்டாள். திங்கட்கிழமைக்குள் அந்தக் கையெழுத்து கிடைக்காவிட்டால் இருக்கும் ஒரே பெரிய வாடிக்கையாளரும் போய்விடுவார், கம்பெனிக்குப் பூட்டுதான்.

"அவனுக்கு வாராவாரம் கடிதம் எழுதறேன். 'மாட்டேன்'னு ஒத்த வார்த்தைல பதில். கல்லுளிமங்கன்."

"ஆள் எப்படி இருப்பான்?"

"பார்த்ததில்ல. மூஞ்சி வறட்டி மாதிரி இருக்கும்."

அவன் கழுத்தில் திரும்பிக் கிடந்த பெயரட்டையை மெல்லத் திருப்பினான். வான்னெஸ். அதே கல்லுளிமங்கன்.

பூமி பிளந்து அவளை விழுங்கியிருக்கலாம்; அதற்கும் அன்று விடுமுறை போல. என் வரிகளைப் பூட்டி விற்க விடமாட்டேன் என்று அவன் விறைப்பாகச் சொன்னதும், அவளுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"வேணாம். உங்க வரிய எடுத்துட்டு நானே புதுசா எழுதிக்கறேன்."

விடுவிடுவென்று மழைக்குள் நடந்தாள். நின்றாள். திரும்பி வந்தாள்.

"என்னால முடியாது."

"ஏன்?"

"உங்களத நினைவுல வச்சு எழுதினா அதுவும் உங்களதுதானே... எனக்கு அது எழுத்துக்கு எழுத்து மனப்பாடம். தினமும் எடுத்துப் படிக்கறேன். எதுக்குன்னு மட்டும் கேக்காதீங்க."

அவன் காதுகள் சிவந்த சிவப்பில் வண்டிக்காரர் அடுப்பை அணைத்துவிட்டே வறுத்திருக்கலாம்.

"இலவசப் பதிப்புலயும் உங்க வரி எப்பவும் இருக்கும்னு அந்தச் சம்மதப் பத்திரத்துலயே இருக்கு. படிக்கவே இல்லையா நீங்க?"

"முதல் நாளே படிச்சுட்டேன்."

"அப்புறம் ஏன்...?"

அவன் தரையைப் பார்த்தான். "கையெழுத்து போட்டுட்டா... நீங்க எனக்கு எழுதறத நிறுத்திடுவீங்களே."

அவள் கைபேசியில் அந்தப் பத்திரத்தைத் திறந்து நீட்டினாள். வறுவல் தின்ற எண்ணெய் விரலாலேயே கையெழுத்திட்டான். முகம் மட்டும் எதையோ பறிகொடுத்ததுபோல் வாடியிருந்தது.

"இனிமே கடிதம் வராதுல்ல?"

"வராது," என்றாள் அன்னெலோர், குடையை அவன் தலைக்கும் சேர்த்துப் பிடித்தபடி. "நேர்லயே வந்து திட்டறேன்... தினமும்."