ஏற்கனவே நனைந்த தலை

லியன்ஹார்ட் அண்ணன் என் மாவு ஆலைக்கு வந்தபோது வெளிச்சம் இன்னும் இருந்தது. வாசலிலேயே உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினார். பாதமெல்லாம் ரத்தம்.

"இதோட முடிஞ்சுது கஸ்பர். நாளைக்குப் பட்டணத்துக்குப் போயி, நான் போதிச்சதெல்லாம் தப்புன்னு சொல்லிடப் போறேன். மன்னிச்சு விட்டுடறாங்களாம். வீட்டுக்குப் போயி தூங்கணும்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. குழந்தையில் ஊற்றுவது செல்லாது, புத்தி தெரிந்தபின் தானாகக் கேட்டு வாங்குவதுதான் ஞானஸ்நானம் என்று எங்களுக்குச் சொன்னவரே அவர்தான். அப்படி வாங்கியவர்களையும் வாங்கப் போனவர்களையும் பட்டணத்து அதிகாரிகள் இன் என்ற எங்கள் ஆற்றில் அமுக்கிக் கொன்றார்கள். இந்த மலையில் ஞானஸ்நானம் கொடுக்க உயிரோடு மிச்சமிருந்ததும் அவர் ஒருவர்தான். ஆனால் அந்தக் கால்களைப் பார்த்துவிட்டு எப்படித் திட்டுவது?

இருட்டியதும், கடைசியாக இந்த ஒரு தடவை என்று அவர் ஒப்புக்கொள்ள, மாவு மூட்டைகளுக்கிடையே எங்கள் ஆட்கள் வரிசையாக மண்டியிட்டார்கள். அசதியில் கண்ணை மூடிக்கொண்டே ஒவ்வொருவரையும் கேட்டார்.

"நீங்களாத்தான் கேக்கறீங்களா?"

ஆமென்றவர் தலையில் பால்செம்பிலிருந்து தண்ணீர் ஊற்றினார். எல்லோரும் பதுங்கிப் பதுங்கி வீடு திரும்பினார்கள்.

ஆற்றுச்சேற்று வாடை அடித்தது.

இன்னொருத்தி மண்டியிட்டிருந்தாள்.

கதவு திறந்த சத்தமே கேட்கவில்லை.

"நீங்களாத்தான் கேக்கறீங்களா?" அண்ணன் கண் திறக்கவில்லை.

"ஆமாண்ணே. கேக்கத்தான் வந்துட்டிருந்தேன். வழியிலயே புடிச்சுட்டாங்க."

அவள் தலையில் வைத்த கை அப்படியே நின்றது.

"ஏம்மா, ஏற்கனவே நனைஞ்சிருக்கே?"

"அது அவங்க குடுத்த தண்ணிண்ணே. நான் கேக்கல."

அப்பொலோனியா. போன வாரம் அவளைக் கரையிலிருந்து இழுத்துப் புதைத்தவன் நான்.

அண்ணன் செம்பில் மிச்சமிருந்ததை ஊற்றினார். அடுத்த கணம் அவள் இல்லை. பலகையில் இரண்டு முழங்கால் ஈரம் மட்டும்.

"அண்ணே, அவ..."

"தெரியும்டா." அண்ணன் அழுதார். "செத்தும் என்னைத் தூங்க விடமாட்டேங்கறாங்களே."

செம்பைக் கவிழ்த்து வைத்தேன்.

விடிந்ததும் அண்ணன் பட்டணத்துக்குப் புறப்பட்டார். பூட்ஸை மாட்டிக்கொண்டு கதவைத் திறந்தவர் நின்றுவிட்டார்.

முற்றத்துப் பனியில் முழங்கால் தடங்கள். வாசலிலிருந்து ஆறு வரைக்கும், ஒன்றன்பின் ஒன்றாக, எல்லாம் எங்கள் கதவைப் பார்த்தபடி. காலடித் தடம் ஒன்றுகூட இல்லை.

திரும்பிப் பார்த்தேன். செம்பு நிமிர்ந்திருந்தது. தளும்பத் தளும்பத் தண்ணீர்.

அண்ணன் பெருமூச்சு விட்டு பூட்ஸைக் கழற்றினார். செம்பை எடுத்துக்கொண்டு வாசற்படியில் நின்று கண்களை மூடினார்.

"நீங்களாத்தான் கேக்கறீங்களா?"

வெறும் முற்றம் மொத்தமும் பதில் சொன்னது.

"ஆமாண்ணே."