நாற்பதாவது டிக்

தாமரை வீட்டுச் சன்னலுக்கு வெளியே ஒரு பெரிய மைலோ டின் ஒன்பது நாளாகச் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது.

அது சாதாரண டின் இல்லை. ஐந்தாம் மாடியில் இருக்கும் தாமரைக்கும், நேர் கீழே மூன்றாம் மாடியில் இருக்கும் ஷாமினிக்கும் நடுவே ஓடும் லிஃப்ட். கிள்ளான் நகரில் உள்ள அந்த அடுக்குமாடியின் உண்மையான லிஃப்ட் மாதத்தில் பாதி நாள் படுத்துவிடும். டின் ஒருநாளும் படுத்ததில்லை. கயிற்றை இழுத்தால் போதும், இரண்டு வீட்டுச் சன்னலிலும் சலங்கை மணி குலுங்கும்.

கப்பி மாட்டும் யோசனை தாமரையுடையது. அவிழவே அவிழாத முடிச்சு ஷாமினியுடையது. இடையில் நான்காம் மாடி நல்லம்மாள் ஆன்டி சன்னல் வழியாகக் கையை நீட்டி, "டோல் கட்டிட்டுப் போங்க லா!" என்று, சுங்கக் கட்டணம் போல, டின்னிலிருந்து ஒரு முறுக்கை எடுத்துக்கொள்வார்.

இந்த டின்னைப் பற்றி எழுதித்தான் இருவரும் பெட்டாலிங் ஜெயாவில் நடக்கும் விடுமுறைப் பொறியியல் முகாமுக்கு விண்ணப்பம் போட்டார்கள். நாற்பதே இடம். அறுநூறு பிள்ளைகள் போட்டி. ஷாமினியின் அம்மாவிடம் இருப்பது பட்டன் போன். அதனால் இரண்டு விண்ணப்பங்களையும் தாமரையின் கைப்பேசியிலேயே நிரப்பினார்கள்.

பெயர்ப் பட்டியல் வந்த அன்றும் அதே கைப்பேசியில்தான் பார்த்தார்கள். பதினேழாவது பெயர் ஷாமினி. தாமரையின் பெயர் அடியில், காத்திருப்போர் பட்டியலில் முதலாவதாக இருந்தது.

"நான் செலக்ட் ஆயிட்டேன்!" என்று ஷாமினி குதித்தாள். "நீயும் வந்துடுவ லா. யாராச்சும் வரலன்னா உனக்குத்தானே?"

தாமரை தலையாட்டினாள். பிறகு மூன்று நாள் சலங்கை மணி குலுங்கியபோதெல்லாம் காதைப் பொத்திக்கொண்டாள். நான்காம் நாள் மணி குலுங்கவில்லை.

அப்பாவுக்குச் சிங்கப்பூரில் வேலை. அம்மா விடியும்போதே காப்பார் ஊரிலுள்ள தொழிற்சாலைக்குப் போனால் மாலை ஆறரைக்குத்தான் வருவார். பள்ளி விடுமுறையில் அந்த இரண்டறை வீடு தாமரைக்கு ரொம்பப் பெரியதாகத் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை மதியம் ரைஸ் குக்கர் 'டக்' என்றது. அன்று அம்மா கிளம்பிய பிறகு அவளிடம் பேசிய முதல் ஆள் அதுதான்.

"சரி, வரேன்," என்று அதற்குப் பதில் சொல்லிவிட்டு, தட்டைப் போட்டுக்கொண்டு கைப்பேசியைத் திறந்தாள்.

தேர்வானவர்கள் 'வருகிறேன்' என்று உறுதி செய்ய வேண்டும். உறுதி செய்தவர் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பச்சை டிக் விழும். இன்று மாலை ஐந்து மணிதான் கடைசி. தாமரை தினமும் டிக்குகளை எண்ணிக்கொண்டிருந்தாள். முப்பத்தொன்று. முப்பத்தாறு. இன்று முப்பத்தொன்பது.

ஒன்று குறைகிறது! யார் வரவில்லை?

விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். பதினேழு. ஷாமினி சுகுமாறன்.

தாமரைக்குச் சட்டென்று புரிந்தது. உறுதி செய்யச் சொல்லும் மின்னஞ்சல் ஷாமினியின் அப்பாவுக்குப் போயிருக்கும். சுகுமாறன் அங்கிள் லோரி ஓட்டுபவர். மின்னஞ்சலைத் திறந்து பார்க்கும் ஆள் இல்லை. ஐந்து மணி ஆனால் அந்த இடம் தாமரைக்கு.

அவள் எந்தத் தப்பும் செய்ய வேண்டாம். சும்மா இருந்தால் போதும். ஒன்பது நாளாக அதைத்தானே செய்துகொண்டிருக்கிறாள்?

மூன்று மணி ஆனது. நான்கு மணியும் ஆனது. சோறு தட்டிலேயே காய்ந்தது.

கீழேயிருந்து ஷாமினியின் குரல் கேட்டது. "அம்மா, திங்கக்கிழமை கேம்ப்புக்கு எந்தப் பையை எடுத்துட்டுப் போறது? நீலமா, சிவப்பா?"

தாமரை தட்டைத் தள்ளி வைத்தாள். முகாமுக்குப் போய்விட்டு வரலாம்தான். வந்து அதையெல்லாம் யாரிடம் சொல்வது? ரைஸ் குக்கரிடமா?

'கன்ஃபர்ம் பண்ணு. அஞ்சு மணிக்குள்ள. அவசரம்' என்று சீட்டு எழுதி டின்னில் போட்டு இறக்கினாள். கயிற்றை ஆட்டினாள். மணி குலுங்கியது. யாரும் கை நீட்டவில்லை. மறுபடியும் ஆட்டினாள்.

நல்லம்மாள் ஆன்டிதான் எட்டிப் பார்த்தார். "என்னம்மா, ரொம்ப நாளா டோலே வரல?"

"ஆன்டி, ஷாமினி ஏன் எடுக்க மாட்டேங்குறா?"

"நீ எடுக்கலன்னு அவளும் எடுக்கல போல."

மணி நாலரை. தாமரை கைப்பேசியை எடுத்துக்கொண்டு படியில் ஓடினாள்.

ஷாமினி கம்பிக் கதவுக்குப் பின்னால் நின்றாள். திறக்கவில்லை. "என்ன?"

"நீ கன்ஃபர்ம் பண்ணலயா?"

"என்ன கன்ஃபர்ம்? அதான் பேரு வந்துடுச்சே!"

"பேரு வந்தா மட்டும் பத்தாது. வரேன்னு சொல்லணும். அஞ்சு மணிக்கு மேல உன் இடம் போயிடும்."

ஷாமினியின் முகம் வெளுத்தது. "போனா… யாருக்குப் போகும்?"

தாமரை தரையைப் பார்த்தாள். "எனக்கு."

ஷாமினி தாழ்ப்பாளை இழுத்தாள். கம்பிக் கதவு திறந்தது.

ஷாமினியின் விண்ணப்பப் பக்கம் இன்னும் தாமரையின் கைப்பேசியில்தான் இருந்தது. ஆனால் உறுதி செய்ய, பெற்றோரின் போனுக்கு வரும் ஆறு இலக்க எண் வேண்டும். ஷாமினி அம்மாவின் பட்டன் போனில் அப்பாவை அழைத்தாள். நல்லவேளை, அவர் துறைமுகத்தில் லோரியை நிறுத்திவிட்டு வரிசையில் காத்திருந்தார்.

"அப்பா, கேம்ப் ஈமெயில் வந்துச்சா?"

"ஈமெயிலா? அதுல லோன் விளம்பரம்தாம்மா வரும். ரெண்டாயிரம் கெடக்கு, ஒன்னக்கூடத் தொறக்கல."

"அங்கிள், நான் தாமரை. இப்போ ஒரு மெசேஜ் வரும். அதுல இருக்குற நம்பரைச் சொல்லுங்க!"

"யாருக்கும் நம்பர் சொல்லாதேன்னு ரேடியோவுல கத்துறாங்களேம்மா!"

"அப்பா, நான்தான்! பக்கத்துலதான் இருக்கேன்!"

"சரி, சரி. நாலு, ஏழு, ஒன்னு… அடுத்தது மூணா, எட்டா? கண்ணாடிய எங்க வெச்சேன்…"

நான்கு ஐம்பத்தொன்று.

"உங்க தலையில பாருங்க!" என்று சமையலறையிலிருந்து ஷாமினியின் அம்மா கத்தினார்.

"அட, ஆமா! எட்டு. அப்புறம் சைபர், ரெண்டு."

திரையில் இரண்டு பொத்தான்கள் வந்தன. 'வருகிறேன்.' 'வரவில்லை.' ஷாமினி கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். "நீயே அமுக்கு, தாமரை."

தாமரை 'வருகிறேன்' என்பதை அமுக்கினாள்.

நாற்பதாவது டிக் விழுந்தது. அடியில் ஒரு புது வரி வந்தது: காத்திருப்போர் பட்டியல் மூடப்பட்டது.

ஷாமினியும் அதைப் படித்துவிட்டாள். "தாமரை…"

"நான் போறேன். அம்மா வந்துடுவாங்க."

அம்மா வர இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. நான்காம் மாடிப் படியில் உட்கார்ந்து தாமரை நன்றாக அழுதாள். ரொம்ப ஆசைப்பட்டிருந்தாள். அழுது முடித்ததும் மூக்கைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்க் காய்ந்த சோற்றைச் சாப்பிட்டாள்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஷாமினி குடும்பத்தோடு உறவினர் வீட்டுக்குப் போயிருந்தாள். திங்கட்கிழமை காலையில் நீலப் பையோடு வேனில் ஏறுவதைத் தாமரை சன்னலிலிருந்து பார்த்தாள். அதற்குப் பிறகு அன்று முழுவதும் அவள் சன்னல் பக்கம் போகவே இல்லை.

மாலை ஐந்தரைக்குச் சலங்கை மணி குலுங்கியது.

தாமரை ஓடிப்போய்க் கயிற்றை இழுத்தாள். டின் வரவில்லை. காலைச் சுவரில் ஊன்றிக்கொண்டு இழுத்தாள். அசைந்தது.

"மெதுவா! உள்ள மோட்டர் இருக்கு!" என்று கீழேயிருந்து ஷாமினி கத்தினாள்.

"என்னடி இது, கல்லா?" என்றார் நல்லம்மாள் ஆன்டி. "லோரிக்கெல்லாம் டோல் ரெண்டு மடங்கு லா!"

டின்னுக்குள் சுருட்டிய முகாம் புத்தகம், ஒரு சின்ன மோட்டர், ஒரு பை நிறையத் திருகாணிகள். மேலே ஒரு சீட்டு இருந்தது.

'இன்று நடந்ததில் பாதிதான் எனக்குப் புரிந்தது. மீதியை நீ கண்டுபிடித்து இரவுக்குள் கீழே அனுப்பு. நாளைக்கும் வரும். முகாம் நடக்கும் பத்து நாளும் வரும். அன்றைக்கு உன் பக்கத்தில் நின்று நான் அப்படிக் குதித்திருக்கக் கூடாது.'

தாமரை இரண்டு முறை படித்தாள். கயிறு அறுத்து உள்ளங்கை சிவந்திருந்தது. பத்து நாளும் இந்தப் பாரம் என்றால் ஒரு கப்பி போதாது.

இரண்டாவது கப்பிக்கு என்ன கிடைக்கும் என்று தேட எழுந்தாள்.