மௌத்தான வாப்பா பஸ்ஸில் வந்த கதை

இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுவது: சாய்ந்தமருதின் மாண்புமிகு அப்துல் கபூர் ஹாஜியாருடைய தகப்பனார், மலாயாவுக்கு ரப்பர்த் தோட்ட வேலைக்குப் போய், ஹாஜியார் சொன்னபடி யாரும் அறியாமல் ஊர் திரும்பி, மௌத்தாகி, பச்சைப் போர்வையின் கீழ், ஊர் வந்து ஓதும் அடக்கத்தலமான ஸியாறத்தில் அடங்கியிருந்த பெரியார் சாலிஹ், ஐம்பத்தைந்தாம் ஆண்டு ஒரு வெள்ளிக்கிழமை கல்முனை பஸ்ஸில் வந்து இறங்கினார்.

தான் சாலிஹ் என்று சொல்லிக்கொண்டு வந்த கிழவர் கேட்டது ஒன்றுதான்: தன் வீட்டில் கண்மூட ஒரு மூலை. ஆனால் ஹாஜியாரின் பள்ளிவாசல் நம்பிக்கையாளர் பதவியும், வருஷக் கந்தூரி விருந்தும், ஊர் எழுந்து நின்று சொல்லும் ஸலாமும் அந்த ஸியாறத்தின் மேல்தான் நின்றுகொண்டிருந்தன.

"அவன் வாப்பா வேஷம் போட்டு வந்த கள்ளன். நீங்கதான் நிரூபிக்கணும்" என்றார் ஹாஜியார், ஷரிபுதீனிடம்.

ஷரிபுதீன் ஓய்வுபெற்ற கோர்ட்டு மொழிபெயர்ப்பாளர். களவு போன மாடு முதல் காணாமற்போன மாப்பிள்ளை வரை கண்டுபிடித்துக் கொடுப்பவர். மருதமுனை நெசவாளி றஸாக், தறியை மறந்துவிட்டு அவர் பின்னால் அலைபவன்.

இருவரும் ஹாஜியாரின் தங்கை முனவ்வறாவின் வீட்டுக்குப் போனார்கள். மணமான ஆண், பெண் வீட்டில் குடியேறுவதும், அந்த வீடு பின்பு மகளுக்குச் சீதனமாவதும் இக்கரை வழக்கம். ஹாஜியார் மனைவியின் மாடிவீட்டில். சாலிஹ் வாழ்ந்த வீடு முனவ்வறாவிடம். கிழவர் அங்கே ஒரு பாயில் சுருண்டிருந்தார்.

"ஆரிட்டயும் வழி கேக்காம நேரா வந்தாரு. கால் கழுவப் பின்வளவுக்குப் போய், கோழிக்கூட்டுக்கு முன்னால நிண்டு முழிச்சாரு" என்றாள் முனவ்வறா.

"கோழிக்கூடு எப்ப கட்டின?"

"நான் பொறந்த வருஷம் உம்மா கிணத்தைத் தூர்த்தாவாம். அதுக்கு மேலதான்."

"கிழவனுக்குக் கண் மங்கல், சேர்" என்றான் றஸாக், கெட்டிக்காரத்தனமாக. ஷரிபுதீன் அவனைப் பார்க்கவேயில்லை.

அடுத்து மையவாடி, ஊரின் இடுகாடு. ஸியாறப் போர்வைக்கு வெளியே தலைமாட்டில் ஒரு கல், கால்மாட்டில் ஒரு கல். ஷரிபுதீன் போர்வையை விலக்கி, நடு மணலில் குடை நுனியால் குத்தினார். டக் என்றது. இன்னொரு கல். றஸாக் வாயைத் திறந்தான்.

"மூடு" என்றார் ஷரிபுதீன்.

மறுநாள் காலை ஷரிபுதீன் ஹாஜியாரை முனவ்வறாவின் வீட்டுக்கு வரவழைத்து, கதவைச் சாத்திவிட்டு, நீதவான் போலத் தொண்டையைச் செருமினார்.

"ஆம்பிளைக் கபுறுல அடையாளமா நடுற மீசான் கல் ரெண்டு, பொம்புளைக்கு மூணு. உங்கட ஸியாறத்துல நடுக்கல் மணலுக்குள்ள தாண்டு கிடக்கு. ஹாஜியார், பத்து வருஷமா இந்த ஊர் ஆரோ ஒரு பொம்புளைக்கு உங்கட வாப்பா பேரில் ஓதுது. இனிக் கிணறு. முனவ்வறா பொறக்க முந்தி இந்த வளவுல வாழ்ந்தவர்தான் அதைத் தேடிப் போவாரு. அவவை வயித்துல விட்டுட்டுக் கப்பலேறின சாலிஹ்தான் இவர்."

றஸாக்கிற்குக் கைதட்ட வேண்டும் போலிருந்தது. ஹாஜியார் தொப்பியைக் கழற்றி, ஊதி, திரும்பப் போட்டுக்கொண்டார்.

"வேற ஆருக்கும் தெரியுமா?"

"எங்க ரெண்டு பேருக்கும்தான்."

"நல்லது. அவர் பஸ்ஸால இறங்கின நடையிலயே எனக்குத் தெரியும். அவர் போகக்குள்ள எனக்குப் பத்து வயசு. மத்தவன் கண்டுபிடிப்பானா எண்டு பார்க்கத்தான் உங்களைக் கூப்பிட்டன்." பிறகு அன்பாகக் கேட்டார்: "உங்கட மகளுக்கு மாப்பிள்ளை பேசுறது என்ட மச்சினன் வீட்டிலதானே?"

ஷரிபுதீன் வீட்டுக்குள்ளேயே குடையை விரித்தார். பிறகு மடக்கினார்.

"காக்கா, ஒரு மூலைதானே..." என்றாள் முனவ்வறா அண்ணனிடம்.

"மூலையில ஆர் எண்டு ஊர் கேக்கும்."

"மனே, நான் ஆரெண்டு சொல்ல மாட்டன்" என்றார் கிழவர்.

"முதலே சொல்லிட்டீங்களே."

முனவ்வறா கிழவரின் மாற்றுடுப்புச் சாரத்தை மடித்துக் கையில் கொடுத்தாள். ஊருக்கு, கள்ளன் பிடிபட்டதாகச் சொல்லப்பட்டது.

அக்கரைப்பற்று பஸ் கொஞ்சம் பிந்தித்தான் வந்தது. கிழவருக்கு இருக்க இடம் கிடைத்தது.