மூங்கில் தட்டில் வைத்த மோதிரம்

நூடுல்ஸ் கிண்ணத்தில் எலுமிச்சையைப் பிழிந்துகொண்டிருந்த புன்தவியின் எதிரே மாலிவான் வந்து உட்கார்ந்தாள். அவள் கழுத்தில் சுற்றுலா வழிகாட்டி அட்டை இல்லை. மூன்று வருடமாக லாவோஸ் தலைநகர் வியந்தியானில் அந்த அட்டை இல்லாமல் அவளை யாரும் பார்த்ததில்லை.

"மாமா, என்னைத் திருடின்னு சொல்லிட்டாங்க."

போலீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் புன்தவிக்கு அந்த நூடுல்ஸ் கடை மேசைதான் அலுவலகம். பக்கத்தில் இருந்தவள் கேயோ. தொழில் ஆட்டோ ஓட்டுவது, ஆசை துப்பறிவது. யாரும் கேட்காமலே அவருக்கு உதவியாளராகச் சேர்ந்துகொண்டவள்.

"அழாம சொல்லும்மா," என்றார் புன்தவி.

நேற்று ஒரு டச்சுத் தம்பதியை மாலிவான் ஊர் சுற்றிக் காட்டியிருக்கிறாள். காலையில் சீ சாகேத் கோவில். மத்தியானம் வெயிலுக்குப் பயந்து விடுதி அறையிலேயே அவர்கள் இருவருக்கும் மட்டும் பப்பாளிக்காய்ச் சாலட், சுட்ட மீன், சின்னக் கூடையில் பசையரிசிச் சோறு. பிறகு தாத் லுவாங் தூபி. அங்கே போய் இறங்கியதும் அந்தம்மா தொப்பியை மறந்துவிட்டது தெரிந்தது. சாவியை வாங்கிக்கொண்டு மாலிவான் மட்டும் திரும்பி வந்து எடுத்துப் போனாள். சாயங்காலம் பார்த்தால் அந்தம்மாவின் கல்யாண மோதிரம் இல்லை.

"இன்னைக்கு மத்தியானத்துக்குள்ள மோதிரம் வரலைன்னா என் அட்டைய ரத்து பண்ண எழுதிக் குடுத்துடுவாராம் எங்க டூர் கம்பெனி முதலாளி விசேத். அப்புறம் இந்த ஊர்ல எனக்கு வேற என்ன வேலை மாமா தெரியும்?"

"அறைல தொப்பியத் தவிர எதைத் தொட்ட?"

"சத்தியமா எதையும் தொடலை. ஜன்னல்கூடத் திறக்கலை, ஒரே இருட்டு. கொக்கில இருந்து எடுத்தேன், பூட்டினேன், ஓடினேன்."

விடுதியில் விசேத் முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அன்னெக்கே என்ற அந்தம்மா விரலைத் தடவிக்கொண்டே பேசினாள்; பக்கத்தில் அவள் கணவன் நின்றிருந்தான்.

"சோறு விரல்ல ஒட்டுதேன்னு மோதிரத்தைக் கழட்டினேன். மேசைல ஒரு சின்ன மூங்கில் தட்டு இருந்துது, அதுல வச்சேன். போற அவசரத்துல மறந்துட்டேன். வந்து பார்த்தா தட்டையும் காணோம்!"

விடுதிக்கார அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "எங்க சமையக்கட்டுல மூங்கில் தட்டே கிடையாதுங்க. எல்லாம் பீங்கான். நேத்து சாயங்காலம் இவங்க கண்ணு முன்னாடிதான் பாத்திரத்தையெல்லாம் எடுத்தேன்."

கேயோ புன்தவியின் காதைக் கடித்தாள். "மாமா, தட்டையும் சேர்த்துத் தூக்கறவன் என்ன திருடன்? இந்த மோதிரக்கார அம்மா மேலதான் எனக்குச் சந்தேகம்."

"மாலிவான் கைய மட்டும் பாத்துக்கிட்டே இரு. உன் காதுத் தோட்டுல ஒண்ணைக் குடு."

பிறகு அவர் எல்லோருக்கும் அதே சாப்பாட்டை அதே மாதிரி கொண்டுவரச் சொன்னார். விசேத் முணுமுணுத்தார், ஆனால் மீன் வந்ததும் சாப்பிட்டார். புன்தவி சாப்பாடு முழுக்க ஆற்றங்கரைச் சந்தையைப் பற்றியே வளவளவென்று பேச, கேயோவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு மணி நேரமாக மாலிவானின் கையை முறைத்து முறைத்து அவளுக்குக் கண்ணே வலித்தது.

"சரி, மேல அறையப் பாக்கலாம்," என்று அவர் எழுந்தார். எல்லோரும் எழுந்தார்கள். கடைசியாக எழுந்தவள் மாலிவான்.

நாலு படி ஏறியதும் புன்தவி நின்றார். "மாலிவான், எழுந்திருக்கும்போது மேசைல எதையாவது தொட்டியா?"

"இல்லையே மாமா."

"கேயோ?"

"கண்ணு கொட்டாமப் பாத்தேன் மாமா. எதையும் தொடலை."

"நீங்க பாத்தீங்களா?" என்று விசேத்தைக் கேட்டார். அவரும் இல்லையென்று தலையை ஆட்டினார்.

"ஏன் எல்லாரும் இல்லைங்கறீங்க?" என்றாள் அன்னெக்கே வியப்போடு. "அந்தச் சோத்துக் கூடைய மூடினாளே!"

மாலிவான் தன் கையை யாருடையதோ போலப் பார்த்தாள்.

புன்தவி கீழே இறங்கிக் கூடையைத் திறந்தார். சோற்றின் மேல் கேயோவின் தோடு பதிந்து கிடந்தது.

"கூடைய மூடாம எழுந்தா புருஷன் பொண்டாட்டி பிரிஞ்சிடுவாங்கன்னு பயம் எங்களுக்கு," என்று அவர் அன்னெக்கேயிடம் சொன்னார். "நடக்கக் கத்துக்கும்போதே கத்துக்கறது. மூச்சு விட்டதை யாராவது எண்ணி வச்சிப்பாங்களா? அதனாலதான் இவ மூடினது இவளுக்கும் தெரியலை, எங்க கண்ணுக்கும் தெரியலை. நீங்க மூங்கில் தட்டுன்னு நினைச்சது அந்தக் கூடையோட மூடிம்மா. கயிறு போட்டுக் கூடையோட கட்டியிருக்கு. திறந்து மல்லாத்தி வச்சா தட்டு மாதிரிதான் இருக்கும். தோட்டை நானும் அதுலதான் போட்டேன். நேத்து இருட்டுல, அவசரத்துல, நீங்க திறந்துபோட்ட கூடைய இவ மூடியிருக்கா. மோதிரம் சத்தமில்லாம சோத்துல விழுந்துடுச்சு."

விடுதிக்கார அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ, அந்தப் பழைய சோத்தைக் காலைலதான் அடை தட்டி மொட்டை மாடில காயவச்சேன்!"

கேயோ மூன்று மூன்று படியாகத் தாவினாள். முறத்தில் பதினெட்டு அடை காய்ந்துகொண்டிருந்தது. ஒவ்வொன்றாகப் பிய்த்தாள். பதினோராவது அடைக்குள் நகத்தில் ஏதோ இடித்தது. அவளுக்கு வந்த சந்தோஷத்தில் அந்தத் தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள்.

அன்னெக்கே மோதிரத்தை வாங்கிக்கொண்டு மாலிவானின் இரண்டு கைகளையும் பிடித்து மன்னிப்புக் கேட்டாள். மாலிவான் அழுதுகொண்டே தலையசைத்தாள்.

விசேத் சட்டைப்பையிலிருந்து அட்டையை எடுத்து நீட்டினார். "சரி சரி, என்னவோ நடந்துபோச்சு. போட்டுக்கோ."

மாலிவான் உடனே வாங்கவில்லை.

"அந்தம்மாவுக்கு என்னைத் தெரிஞ்சது ஒரே நாள். அவங்க சந்தேகப்பட்டதுல எனக்கு வருத்தமில்ல. நீங்க மூணு வருஷமா என்கூட ஒரே கூடைல சாப்பிட்டீங்களேண்ணே?"

விசேத் கை நீட்டியபடியே நின்றார். அவள் அட்டையை எடுத்துத் தன் கழுத்தில் தானே மாட்டிக்கொண்டு, முகத்தைத் துடைத்து, தம்பதியின் பக்கம் திரும்பினாள்.

"பத்துசாய் வளைவுல ஏறிப் பாக்கணும்னு சொன்னீங்கல்ல? தொப்பிய எடுத்துட்டு வாங்க. நான் வெளிய நிக்கறேன்."