முதுகு காட்டிய ஏழு தீப்பெட்டிகள்

இருபது தீப்பெட்டிகள், பழைய பல் பிரஷ்களிலிருந்து வெட்டிய நார்கள், மூன்று நாள் வேலை. எல்லாம் போச்சு!

அக்கா தலையில் கை வைத்துக்கொண்டாள். பள்ளிக் கண்காட்சி தொடங்க இன்னும் அரை மணி நேரம்தான் இருந்தது. அவள் பள்ளிக் குழாயில் தண்ணீர் குடித்துவிட்டுத் தன் மேஜைக்கு வருவதற்குள், தம்பி மீதி ஏழு பெட்டிகளையும் அட்டையில் ஒட்டி முடித்திருந்தான். ஏழும் தலைகீழ்.

"டேய் வாண்டு! உன்னை யாருடா ஒட்டச் சொன்னது?"

"நீதானே நேரமில்ல, நேரமில்லன்னு புலம்பின?"

"நாரெல்லாம் ஏன்டா கீழ இருக்கு?"

"அது கால்தானே? கால் இல்லாம எப்படி நிக்கும்?"

அக்காவுக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. "காலாம், கால்! இது நம்ம குடலோட உள்பக்கம். ஒவ்வொரு பெட்டியும் ஒரு செல். மேல சாப்பாடு போகுது, கீழ ரத்தம் ஓடுது. செல்லு இந்த நாரால சத்தை உறிஞ்சி, அடிப்பக்கமா ரத்தத்துக்குக் கொடுக்கும். திருப்பி ஒட்டினா என்னடா ஆகும்?"

தம்பி அட்டையைப் பார்த்தான். அவன் முகம் சுருங்கியது.

"சாப்பாட்டுக்கு முதுகைக் காட்டிட்டு நிக்கும். ரத்தம் பட்டினி..."

அக்கா ஒரு பெட்டியைப் பிடித்து இழுத்தாள். அட்டை கிழியப் பார்த்தது. பசை அப்படிப் பிடித்துக்கொண்டிருந்தது. தம்பியோ அழத் தயாராக உதட்டைப் பிதுக்கினான்.

"அழுது தொலைக்காதே, இரு!" என்றாள். அவள் மூன்று நாள் படித்துப் புரிந்துகொண்டதை இந்த வாண்டு அரை நிமிடத்தில் பிடித்துவிட்டானே! சட்டென்று ஒரு தாளை எடுத்துப் பெரிதாக எழுதினாள்: 'இங்கே ஏழு செல்கள் சாப்பாட்டுக்கு முதுகைக் காட்டுகின்றன. கண்டுபிடியுங்கள்!'

அறிவியல் டீச்சர் வந்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டு ஒவ்வொன்றாக எண்ணினார்.

"ஏழு! சரியா இருக்கு. இப்படி மாத்தி ஒட்ட யோசனை சொன்னது யாரு?"

தம்பி அக்காவின் பின்னால் ஒளிந்தான்.

"ரெண்டு பேரும் சேர்ந்துதான் செஞ்சோம், டீச்சர்."

பத்து மணிக்குள் மேஜையைச் சுற்றிப் பிள்ளைகள் மொய்த்துவிட்டார்கள். அந்தக் கூட்டத்தின் நடுவே நாற்காலி மேல் ஏறி நின்று, ஒருவன் கத்திக்கொண்டிருந்தான்.

"அந்த ஏழையும் நான்தான் ஒட்டினேன்! வேணும்னே தப்பா ஒட்டினேன்!"

அக்கா பல்லைக் கடித்தாள். பிறகு, அவன் விழுந்து தொலைக்காமல் இருக்க, நாற்காலியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.