மூடிய லென்ஸில் விழுந்த படம்

லென்ஸுக்கு மூடி போட்டு எடுத்த படம் கன்னங்கரேலென்று இருக்க வேண்டும். இது அப்படி இல்லை.

வானத்தை எடுத்த படங்களிலெல்லாம் ஒரே இடத்தில் சிவப்புப் புள்ளிகள் விழுந்து, பாதி ராத்திரி உழைப்பு பாழாகிக்கொண்டிருந்தது. அதற்கு அவன் தொழிலில் ஒரு வழி உண்டு: மூடியைப் போட்டு, வானத்துக்கு வைத்த மாதிரியே ஷட்டரை இரண்டு நிமிஷம் திறந்துவைத்து ஒரு இருட்டுப் படம் எடுப்பது. அதில் தெரிவதெல்லாம் கேமராவின் குறை, கழித்துவிடலாம். இப்போது அதில் சாம்பல் நிறத்தில் என்னவோ வளைந்து கிடந்தது.

"முடிஞ்சுதா?" இருபதடி பின்னால் நின்ற காரிலிருந்து மனைவி கேட்டாள்.

"இன்னும் ஒண்ணே ஒண்ணு."

"பதினோரு வருஷமா இதையேதான் கேட்டுட்டு இருக்கேன். காலையில அம்மா வீட்டுக்குப் போறேன், திரும்பி வரமாட்டேன். அதைப் பேசத்தானே கூட்டிட்டு வந்தீங்க?"

பேசத்தான் கூட்டிவந்தான். இவள் போய்விட்டால் அவனுக்கென்று யாருமில்லை. ஆனால் வானம் தெளிவாக இருந்ததே, பாழாய்ப்போன வானம்! கார் கண்ணாடி ஏறும் சத்தம் கேட்டது.

வெளிச்சம் கசிகிறதோ என்று கேமராவைக் கறுப்புத் துணியால் இறுக்கச் சுற்றி மறுபடி எடுத்தான். கைவிட்ட கல்குவாரியின் ஈரக்காற்றில் துருவாடை அடித்தது, கீழே தேங்கிய தண்ணீரில் எங்கோ ஒரு கல் விழுந்தது, அப்புறம் தவளைகள்கூட வாயை மூடிக்கொண்டன. திரையில் கார் தெரிந்தது. அவனுக்குப் பின்னால் நிற்கிற கார், வானத்தைப் பார்க்கிற மூடிய லென்ஸில்! முன்சீட்டில் அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். பின்சீட்டில் அவளை அச்சாக உரித்துவைத்த மாதிரி இன்னொருத்தி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

திரும்பினான். ஒரே இருட்டு. கார் கண்ணாடியில் பனி.

ஓடியிருக்கலாம். படுபாவி, ஓடவில்லை. கோளாறுதான், கோளாறேதான் என்று முணுமுணுத்தபடி இன்னொரு படத்துக்குப் பொத்தானை அழுத்தினான்.

கார் கதவு திறந்து மூடியது. அவள் நடந்து வந்தாள்.

"நீங்க எடுங்க. நான் பக்கத்துலயே நிக்கிறேன்."

அவள் இவ்வளவு தணிவாகப் பேசி எத்தனை வருஷம்!

"தப்பு என்மேலதான்மா. போகாதே."

"போகமாட்டேன்." கையைக் கோத்துக்கொண்டாள். சில்லென்றிருந்தது.

ஷட்டர் மூடியது. திரை ஒளிர்ந்தது.

காருக்குள் அவள். கண்ணாடியில் இரண்டு உள்ளங்கைகள். வாய் அகலத் திறந்திருந்தது. பின்சீட் காலி.

கையை உருவிப் பார்த்தான். வரவில்லை.

காரின் உள்ளேயிருந்து தட்டுகிற சத்தம், கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது.