மூன்றரை மணி வெளிச்சம்

"எங்க தோட்டத்துல வெட்டுள்ள நாளையெல்லாம் மேடம் எதுக்காக்கும் குறிச்சு வெச்சிருக்கு?"

வெள்ளறடை அரசு ஆஸ்பத்திரியில், மருந்து கொடுக்கும் ஜன்னலுக்கு வெளியே நின்றவன் சுவர்க் காலண்டரில் இருந்த பேனாப் புள்ளிகளைப் பார்த்துக் கேட்டான். இடது கையில் புதுக்கட்டு. சட்டையில் ரப்பர் பாலின் புளித்த வாசனை. கண்களில் மட்டும் ஒரு சிரிப்பு...

மாத்திரை எண்ணிக்கொண்டிருந்த அனகாவின் விரல்கள் நின்றன.

"என்ன வெட்டு?"

"ரப்பர் வெட்டுதான். ஒருநாள் விட்டு ஒருநாள். மழை பெஞ்சதுனால பதினாலாம் தேதி நான் போகல்ல. மேடத்துக்க புள்ளியும் அண்ணைக்கு இல்ல."

பக்கத்தில் நின்ற நர்ஸ் ஷீஜாவுக்கு வாய் நிற்கவில்லை. "எலே பிபினே, அது இவ வானத்துல காணுத வெளிச்சமாக்கும். மூணரைக்கு வருமாம். கொஞ்சம் நிக்குமாம், பிறகு நகருமாம்."

"கெழக்கு பக்கமா?" அவன் சிரித்துவிட்டான். "மேடம், அது வானம் இல்ல, மலை. நட்சத்திரமும் இல்ல, எனக்க ஹெட்லைட்டு. ஒவ்வொரு மரத்துக்க மூட்டுலயும் நிக்கண்டாமா?"

வரிசையில் நின்றவர்களும் சிரித்தார்கள். அனகா மாத்திரைப் பொட்டலத்தை முன்னால் தள்ளினாள்.

"காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. பரிகாசம் சாப்பாட்டுக்கு முன்னயா பின்னயான்னு டாக்டர் எழுதல்ல."

அவன் முகத்தில் சிரிப்பு மெல்ல அணைந்தது. அதை அவள் கவனிக்காமல் இல்லை...

அன்று முதல், அந்த வெளிச்சத்தைப் பார்க்கும் சமையலறை ஜன்னலை அவள் திறக்கவில்லை.

கடலோரப் பொழியூரில் பிறந்தவள் அவள். இருட்டில் நகரும் வெளிச்சம் என்றால் அவளுக்குக் கடலில் போகும் வள்ளம்தான். நடுச்சாமத்துக்குப் பிறகு நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர் வெட்ட மலையேறுவார்கள் என்று அவளுக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்? ஆனால் அந்தத் திசையில் மலை நிற்பதைப் பகலில் தினமும் பார்த்தவள்தானே... விளக்கைப் பார்த்த நேரத்தில் மட்டும் அந்த மலை அவள் நினைவுக்கு வந்ததில்லை. வர அவள் விட்டதுமில்லை.

ஐப்பசியில் அம்மா போனாள். பதினோரு இரவுகள் கட்டிலருகே கண்விழித்த அனகா, பன்னிரண்டாம் இரவு நாற்காலியிலேயே தூங்கிப்போனாள். நர்ஸ் தோளைத் தொட்டு எழுப்பியபோது மணி மூன்றரை. அம்மாவின் கை அதற்குள் ஆறியிருந்தது. அதன்பிறகு மாற்றலாகி இந்த ஊருக்கு வந்தும், எந்த இரவிலும் அந்த நேரத்தைத் தாண்டி அவளால் தூங்க முடியவில்லை. அப்படி விழித்த ஒரு நாளில்தான் அந்த வெளிச்சத்தைக் கண்டாள். அம்மா என்று சொல்லிக்கொள்ள அவள் படித்த படிப்பு விடவில்லை. இல்லை என்று சொல்லவும் மனம் வரவில்லை.

இப்போது அது வெறும் ஒரு ஆள்.

ஒன்பதாம் நாள், தன்னையும் மீறி ஜன்னலைத் திறந்தாள். இருட்டு. வெட்டு நாள்தான், மழையும் இல்லை. ஐந்து மணிவரை நின்று பார்த்தாள். கையில் இருந்த காயம் பழுத்திருக்குமோ... காய்ச்சலோ... நெஞ்சு ஏன் இப்படி அடித்துக்கொள்கிறது? யாருக்காக?

"அவனுக்கு ஒண்ணும் இல்ல," என்றாள் ஷீஜா காலையில். "உனக்க அம்மைக்க காரியம் நானாக்கும் அவன்கிட்ட சொன்னேன். அண்ணையிலேந்து விடிஞ்ச பிறகுதான் வெட்டுகான். வெயில் வந்தா பால் இறங்குமா? பாதிதான் கிட்டுது. அவனுக்க அப்பா கிடந்து ஏசுகாரு."

அனகா அரைநாள் விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டு மலையேறினாள்.

மரத்தடியில் குனிந்திருந்த பிபின் அவளைக் கண்டதும் கத்தியைத் தாழ்த்தினான்.

"மேடம் எதுக்கு இவ்வளவு தூரம்? சொல்லிவிட்டா நான் வந்திருப்பேனே."

"வெயில்ல எதுக்கு வெட்டுதீங்க?"

அவன் பட்டையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "தெரியாம சிரிச்சிட்டேன். இனி அந்த வெளிச்சத்தைக் கண்டா உங்களுக்கு எனக்க சிரிப்புதானே ஓர்மை வரும்... அதுனாலதான்."

இலைகளின் ஊடே விழுந்த வெயில் அவன் கண்களில் நடுங்கியது. இப்படி ஒரு மன்னிப்பை அவளிடம் யாரும் கேட்டதில்லை. கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள்.

"அம்மா போகும்போ நான் உறங்கிட்டேன்." யாரிடமும் சொல்லாத சொல், தானாக வெளியே வந்தது. "எல்லாரும் நான் பக்கத்துல இருந்தேன்னு நினைக்காங்க. நான் உறங்கிட்டு இருந்தேன்..."

அவன் 'போகட்டும்' என்று சொல்லவில்லை. கத்தியைக் கீழே வைத்துவிட்டு, அவள் அழுது முடிக்கும்வரை நின்றான்.

"அது நீங்கதான்னு தெரிஞ்ச பிறகும் ஜன்னலைத் திறந்தேன்," என்றாள் அவள், முகத்தைத் துடைத்தபடி. "வெளிச்சம் இல்லாதப்போ பயந்துட்டேன். அம்மைக்காக இல்ல... உங்களுக்காக."

 அவன் மேடம் என்ற சொல்லை விட்டுவிட்டு, முதல்முறையாக அவள் பெயரைச் சொன்னான்.

"அனகா... இனி அந்த நேரத்துல நீ உறங்கிக்கோ. நான் முழிச்சிருக்கேன்."